‘தாதியர் சிலர்’: நினைவு மலர்க்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மலர்க்குழுத் தலைவர் ஐயா அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும்,

உங்கள் ஆஸ்பத்திரி நினைவு மலரின் 143ஆம் பக்கத்தைப் பற்றி எழுதுகிறேன். மலரில் தாதியருக்கென்று இருப்பது அந்த ஒரு பக்கம்தான். மூன்று கிழமைக்கு முன் உங்கள் செயலாளருடன் தொலைபேசியில் பேசினேன். இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகிறது, அந்தப் பக்கத்தில் மாற்றம் எதுவும் செய்வதில்லை என்று குழு கூடித் தீர்மானித்துவிட்டது என்றார். ஏன் என்று கேட்டேன். “தாதியருக்கு எண்டு தனிய என்ன வரலாறு இருக்கு அம்மா? டொக்டர்மாரின்ர வரலாற்றுக்குள்ள அதுவும் வருகுதுதானே” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அந்த நேரம் வாய் வரவில்லை. 37 வருடம் நோயாளர் விடுதிகளில் தாதியாக நின்றவள், ஒரு பதில் சொல்லத் தெரியாமல் போனை வைத்துவிட்டேன். அந்தப் பதில்தான் இது.

முதலில் படம். 143ஆம் பக்கத்தில் இரண்டு படங்கள் இருக்கின்றன. ஒன்று புளோரன்ஸ் நைற்றிங்கேல், கையில் விளக்கு. மற்றது நான் தந்தது. பழைய தாதியர் விடுதியின் வாசற்படியில் வெள்ளைச் சட்டையும் கஞ்சி போட்ட தொப்பியுமாக 11 பெண்கள். கீழே ‘தாதியர் சிலர், 1970கள்’ என்று போட்டிருக்கிறீர்கள். அந்தப் படத்தின் பின்புறத்தில் 11 பேருடைய பெயரும் ஊரும் இடமிருந்து வலமாகப் பென்சிலால் எழுதியிருக்கிறது. படத்தை ஸ்கான் பண்ணிய பிள்ளைகள் திருப்பிப் பார்க்கவில்லை. பிழை அவர்களுடையது என்று நான் நினைக்கவில்லை, திருப்பிப் பார்க்கச் சொல்ல அங்கே ஒருவரும் இருக்கவில்லை. 88ஆம் பக்கத்தில் ஒரு மருத்துவர் தன் காருக்குப் பக்கத்தில் நிற்கிறார். அவருடைய பெயர், பட்டம், வருடம் எல்லாம் கொடுத்து, ‘தமது மொறிஸ் மைனர் காருடன்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். காருக்குக்கூடப் பெயர் கிடைத்திருக்கிறது.

அடுத்தது, படங்களுக்கு நடுவில் உள்ள 14 வரி. தாதியச் சேவை 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பிறந்தது, மிஷனரிமார் அதை எங்கள் மண்ணுக்குக் கொண்டுவந்தார்கள் என்று அது தொடங்குகிறது. மலரின் முதல் பக்கத்திலேயே திருக்குறளின் மருந்து அதிகாரத்திலிருந்து ‘நோய்நாடி நோய்முதல் நாடி’யை அச்சடித்த நீங்கள், இரண்டு குறள் தள்ளிப் பார்த்திருக்கலாம்.

‘உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று
அப்பால்நாற் கூற்றே மருந்து.’

நோயாளி, வைத்தியர், மருந்து, உழைச்செல்வான். நாலும் சேர்ந்தால்தான் மருத்துவம் என்கிறார் வள்ளுவர். உழை என்றால் பக்கம். உழைச்செல்வான் என்றால் நோயாளியின் பக்கத்தில் நின்று பார்ப்பவர். தாதி என்பதைவிட எனக்கு இந்தச் சொல் பிடிக்கும். தாதி என்றால் ஏவலுக்கு நிற்கும் பெண் என்றும் ஒரு பொருள் அகராதியில் இருக்கிறது, அதை வைத்து எங்களைக் குத்திக் காட்டியவர்களும் உண்டு. பரிமேலழகர் உரையில் உழைச்செல்வானுக்கு நாலு தகுதி சொல்லியிருக்கிறது: நோயாளியிடம் அன்பு, மனமும் சொல்லும் உடலும் தூய்மையாக இருத்தல், சொன்னதைச் சொன்னபடி செய்து முடிக்கும் வன்மை, அறிவு. பழைய ஆயுர்வேத நூலான சரக சம்கிதையும் கிட்டத்தட்ட இதே நாலைத்தான் கேட்கிறது. அறிவும் அதில் ஒன்று என்பதைக் கவனியுங்கள். உங்கள் 14 வரியில் அன்பு, பொறுமை, தியாகம், தாய்மை, புன்னகை எல்லாம் வருகின்றன. அறிவு என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை.

குறள் இலக்கியம், வரலாறு ஆகாது என்று சொல்வீர்கள். கல்வெட்டுக்கு வாருங்கள். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் திருமுக்கூடல் என்று ஓர் ஊர். அங்கேயுள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு இருக்கிறது, 11ஆம் நூற்றாண்டினது. கோயிலோடு சேர்ந்த ஆதுலர்சாலையில், அதாவது மருத்துவமனையில், 15 நோயாளருக்குக் கிடை. ஒரு வைத்தியர், கத்தி வைத்துச் செய்யும் சல்லியக்கிரியைக்கு ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், ஒரு நாவிதர், மருந்து அடும் (காய்ச்சும்) பெண்டுகள் இருவர் என்று ஆளணி முழுவதும் கல்லில் எழுதியிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் என்ன சம்பளம் என்பதும் இருக்கிறது. அந்தப் பெண்டுகளுக்கும் நெல்லும் காசும் உண்டு. தியாகம் என்று சொல்லி அந்தக் காலத்தில் ஒருவரும் சம்பளத்தை மறக்கவில்லை! ஆனால் அங்கேயும் ஒன்று கவனித்தேன். வைத்தியருடைய பெயர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்று தெளிவாக வெட்டியிருக்கிறார்கள். பெண்டுகளுக்குப் பெயர் இல்லை, இருவர் என்ற கணக்குத்தான். ‘தாதியர் சிலர்’ என்று நீங்கள் போட்டதற்கு ஆயிரம் வருட வழக்கம் துணையிருக்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். எங்கள் நாட்டிலேயே மிகிந்தலையில் 9ஆம் நூற்றாண்டு மருத்துவமனையின் அத்திவாரமும், நோயாளியை மருந்துக்குள் கிடத்துகிற கல்தோணியும் இன்றைக்கும் கிடக்கின்றன. சுற்றுலா போனவர்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். ஆளைத் தூக்கி அந்தத் தோணிக்குள் வைத்ததும் எடுத்ததும் யாருடைய கை?

நைற்றிங்கேல் அம்மையாரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 1979இல் பயிற்சிக்குச் சேர்ந்தபோது விளக்கேந்தி உறுதிமொழி எடுத்தவள் நான். ஆனால் நீங்கள் விளக்கை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு அவரை விட்டுவிட்டீர்கள். 1854இல் கிரிமியப் போர் நடந்தபோது 38 பெண்களோடு துருக்கியிலிருந்த ஸ்கூற்றாரி இராணுவ மருத்துவமனைக்குப் போனார். அடுத்த பெப்ரவரியில் அங்கே சேர்க்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 42 பேர் செத்துக்கொண்டிருந்தார்கள். குண்டு பட்டுச் செத்தவர்களைவிட, கழிவுநீர்க் குழாயும் காற்றோட்டமில்லாத அறையும் கொண்டுபோனவர்கள் அதிகம். மார்ச்சில் சுகாதாரக் குழு வந்து கான்களைத் துப்புரவாக்கியது. ஜூன் மாதம் அது நூற்றுக்கு 2 ஆக இறங்கிவிட்டது. இது இன்றைக்கு எங்களுக்குத் தெரிவதற்குக் காரணம், ஊர் திரும்பியதும் அவர் உட்கார்ந்து சாவுகளை மாதவாரியாக, காரணவாரியாக எண்ணி, படம் கீறி, அரசாங்கத்தின் மேசையில் போட்டதுதான். 1858இல் இலண்டன் புள்ளிவிவரச் சங்கம் சேர்த்துக்கொண்ட முதல் பெண்ணும் அவர்தான். 1860இல் சென் தோமஸ் மருத்துவமனையில் அவர் தொடங்கிய பள்ளியிலிருந்துதான் தாதியர் படித்துச் சான்றிதழோடு வெளியே வரும் வழக்கம் உலகம் முழுக்கப் பரவியது. விளக்கு இரவில் வழி தெரிவதற்காக. அவர் அதிகாரிகளை அசைத்தது எழுதி வைத்த கணக்கால்.

விளக்கு என்றதும் இன்னொன்று. 1990இல் போரால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. 95 வரைக்கும் வரவில்லை. மண்ணெண்ணெய் தடை, விலை கேட்கவே முடியாது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனையுமளவுக்கு எண்ணெய், ஒரு திரி. அந்த வெளிச்சத்தில் பிள்ளைப்பேறு பார்த்திருக்கிறோம், தையல் போட்டிருக்கிறோம், சேலைன் சொட்டைக் காதுக்குப் பக்கத்தில் மணிக்கூட்டைப் பிடித்து எண்ணியிருக்கிறோம். கையுறையைக் கழுவி, காயவைத்து, பவுடர் போட்டு, திரும்ப அவித்துப் பாவித்தோம். பண்டேஜ் துணி தோய்த்துத் தோய்த்து நூலாகிப் போகும். வெளிநாட்டுத் தாதி ஒருவரின் வெண்கல விளக்குக்குப் பக்கத்தில் எங்கள் ஜாம் போத்தலையும் ஒரு மூலையில் வைத்திருக்கலாமே. உங்கள் ஆஸ்பத்திரிக்குள்ளேயே எரிந்த விளக்கு அது.

சரி, மிஷனரிமாருக்கு வருவோம். அமெரிக்க மிஷன் மருத்துவர் டொக்டர் கிறீனுக்கு நீங்கள் ஒதுக்கிய பக்கங்கள் நல்லாக இருக்கின்றன, நான் இரண்டு முறை வாசித்தேன். 1847இல் வந்தது, அடுத்த வருடம் மானிப்பாயில் வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கியது, பிறகு தமிழிலேயே படிப்பித்தது, பிரசவ வைத்தியமும் இரண வைத்தியமும் தமிழில் புத்தகமாக வந்தது எல்லாம் இருக்கிறது. அவர் கத்தி வைத்த நோயாளியோடு இரவு முழுக்க இருந்தவர்கள் யார், காயத்தை மறுநாள் கழுவியது யார் என்பது மட்டும் இல்லை. 1898இல் இணுவிலில் மக்லியொட் மருத்துவமனை வந்ததற்கு உங்கள் மலரில் ஒன்றரை வரி. ஐயா, அது பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்றே கட்டிய ஆஸ்பத்திரி. ஆண் டொக்டருக்கு உடம்பைக் காட்டுவதைவிட வீட்டுக்குள் கிடந்து சாவது மேல் என்று இருந்த பெண்களுக்காக டொக்டர் இசபெல்லா கர் போன்ற பெண் மருத்துவர்கள் அங்கே வந்து நின்றார்கள். எங்கள் ஊர்ப் பெண்களைப் பிடித்துத் தாதிகளாகவும் மருத்துவிச்சிகளாகவும் பழக்கியதும் அங்கேதான். “நான் இணுவிலில் பிறந்தனான்” என்று வலிகாமத்தில் எத்தனை பேர் சொல்வார்கள் தெரியுமா? ஊர் சுன்னாகமாக இருக்கும், மானிப்பாயாக இருக்கும், பிறந்தது இணுவில்.

என் பெரியம்மா அங்கே பழகியவர். 19 வயதில் போனபோது, கண்டவன் நிண்டவன்ர ஊத்தை கழுவப் போறாள் என்று சொல்லி அப்பு இரண்டு வருடம் அவருடன் பேசவில்லை. யார் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பது என்று சாதி பார்த்த காலம். ஆஸ்பத்திரியில் எல்லோரையும் தொட்ட கையால் பெரியம்மா ஊற்றிய தேத்தண்ணியை அயலில் சிலர் தொடமாட்டார்கள். கல்யாணமும் சரிவரவில்லை. நேர்ஸ் என்றதும் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கினார்கள். அதே வீடுகளிலிருந்து நடுச்சாமத்தில் லாம்பைப் பிடித்துக்கொண்டு வந்து, “தங்கச்சி, மருமகளுக்கு நோவு தொடங்கிற்றுது” என்று படலையில் நின்று கூப்பிட்டதை நான் சின்னப் பிள்ளையாக இருந்து பார்த்திருக்கிறேன். அவர் ஒரு நாளும் போகமாட்டேன் என்று சொன்னதில்லை. தேத்தண்ணி மட்டும் பிறகு ஒரு வீட்டிலும் வாங்கிக் குடிக்கவில்லை. இதற்கு நீங்கள் தியாகம் என்று பெயர் வைப்பீர்கள். எனக்கு அது ரோசமாகத்தான் தெரிந்தது.

படிப்பு எப்படி வளர்ந்தது என்பதையும் உங்கள் 14 வரி தொடவில்லை. கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் 1878இல் தாதியருக்குப் பயிற்சி தொடங்கியது. 1939இல் அங்கே தாதியர் பயிற்சிப் பாடசாலை வந்தது. திறந்த பல்கலைக்கழகம் 1994இல் பட்டப்படிப்பைத் தொடங்கியபோது, வேலை செய்துகொண்டே படித்த எங்கள் ஆட்கள் எத்தனை பேர்! இப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே பிள்ளைகள் தாதியியலில் பட்டம் எடுக்கிறார்கள். உடற்கூறும் மருந்தியலும் ஆராய்ச்சி முறையும் படிக்கிறார்கள். அதில் ஒரு பிள்ளை போன வருடம் என் வீட்டுக்கு வந்திருந்தாள். தாதியத்தின் வரலாறு என்ற பாடத்துக்கு எங்களுடைய ஆட்களைப் பற்றி ஏதும் இருக்கிறதா என்று கேட்டாள். உங்கள் மலர் வரப்போகிறது, அதில் இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன். வெட்கமாக இருக்கிறது.

இனி முக்கியமான விஷயம். மலர் வேலைக்காகப் பழைய தாதியர் விடுதியின் களஞ்சிய அறையைத் துப்புரவாக்கியபோது, அங்கே கட்டுக்கட்டாக இருந்த நோயாளர் விடுதிகளின் ரிப்போட் புத்தகங்கள் ‘பாவனைக்கு உதவாத கடதாசி’ என்று வெளியே எடுக்கப்பட்டு, ஒரு பகுதி எரிக்கப்பட்டுவிட்டது. மிச்சம் மழை படுகிற தாழ்வாரத்தில் கிடக்கிறது. நானே போய்ப் பார்த்தேன். கறையான் ஏறத் தொடங்கிவிட்டது.

அந்தப் புத்தகம் என்னவென்று உங்களில் மருத்துவர்களாக இருக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கடமை முறை முடிந்து அடுத்த முறைக்கு ஆட்கள் வரும்போது, ஒவ்வொரு நோயாளியும் எப்படி இருந்தார், என்ன கொடுத்தோம், எத்தனை மணிக்குக் காய்ச்சல் ஏறியது, யார் சேர்ந்தார், யார் போனார், யார் செத்தார் என்று எழுதிக் கையொப்பம் வைப்போம். இரவு முறைக்குச் சிவப்பு மை. டொக்டர் விடுதியைச் சுற்றிப் பார்க்கும் நேரம் கொஞ்சம். மற்ற நேரம் முழுவதும் அந்தச் சிவப்பிலும் நீலத்திலும்தான் இருக்கிறது.

1995 ஒக்ரோபர் 30. சண்டை நெருங்கி, வலிகாமம் முழுக்க எழும்பிப் போகச் சொன்ன அந்த இரவில் நான் கடமையில் இருந்தேன். மழை. வண்டிலிலும் சைக்கிளிலும் தோளிலுமாக நோயாளரை அனுப்பினோம். நான் என் சூட்கேசை விட்டுவிட்டு ரிப்போட் புத்தகத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலம் வரைக்கும் நடந்தேன். வீரத்துக்குச் சொல்லவில்லை. யாருக்கு எந்த மருந்து, எத்தனையாவது நாள் என்பது அதற்குள்தான் இருந்தது. அது தொலைந்தால் அந்தப் பக்கம் போய் என்னத்தைக் கொடுப்பது? அந்த இரவில் எழுதிய கடைசிப் பக்கத்தில் மழைத் தண்ணி பட்டுச் சிவப்பு மை ஊறியிருக்கும். வாசிக்கலாம். பிறகு திரும்பி வந்தபோது அந்தப் புத்தகத்தை நானே களஞ்சியத்தில் வைத்தேன். இப்போது அது தாழ்வாரத்தில் கிடக்கிறதா, எரிந்த கட்டுக்குள் போய்விட்டதா என்பது எனக்குத் தெரியவில்லை.

இடம் போதவில்லை என்று மட்டும் சொல்லவேண்டாம். வாழ்த்துச் செய்திகளுக்கு 22 பக்கம் இருந்திருக்கிறது. 1987 ஒக்ரோபர் 21, தீபாவளி நாளில் இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டபோது நோயாளரோடு மருத்துவர்களும் தாதியரும் ஊழியர்களும் செத்தார்கள். அங்கே வருடா வருடம் அவர்களை நினைவுகூரும்போது டொக்டர் படத்துக்குப் பக்கத்தில் தாதியின் படமும் ஊழியரின் படமும் இருக்கும். அவரவருக்குப் பெயர் இருக்கும். அதைப் பார்த்துப் பழகிய ஊர் ஐயா இது.

நான் கேட்பவை இவை. இரண்டாம் பதிப்பை ஒரு மாதம் பிற்போடுங்கள். 143ஆம் பக்கத்தை எடுத்துவிட்டு, தாதியருக்கு ஓர் அத்தியாயம் சேருங்கள். 20 பக்கம் போதும். அதை எழுதுவதற்கு ஓய்வுபெற்ற தாதியர் இருவரையும் பல்கலைக்கழகத்தில் தாதியியல் படிப்பிக்கும் ஒருவரையும் குழுவில் சேருங்கள். இப்போதிருக்கும் 13 பேரில் ஒரு தாதிகூட இல்லை. எழுத ஆள் இல்லை என்றால் நான் எழுதித் தருகிறேன், பணம் வேண்டாம், என் பெயரும் வேண்டாம். உள்ளே வருகிறவர்களின் பெயர் வேண்டும். மருத்துவிச்சிகளையும் அற்றண்டன்மாரையும் விட்டுவிடவேண்டாம்.

தாழ்வாரத்தில் கிடக்கும் ரிப்போட் புத்தகங்களை அடுத்த மழைக்கு முன் உலர்ந்த அறை ஒன்றுக்குள் மாற்றுங்கள். இது மலரைவிட அவசரம். யாழ்ப்பாணத்தில் ஆவணங்களை ஸ்கான் செய்து காக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிடுங்கள். நோயாளரின் பெயர் விவரம் வெளியே போகாதபடி எப்படிச் செய்வது என்று எங்களைக் கேளுங்கள், அதில் எங்களுக்குப் பழக்கம் உண்டு. எரிக்கச் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. இனி ஒரு தாளும் எரிக்கப்படாது என்று எழுத்தில் தாருங்கள்.

கடைசியாக, பெப்ரவரியில் என்னிடம் வாங்கிப்போன 9 படங்களும், எங்களுக்குப் படிப்பித்த சிஸ்ரரின் கையெழுத்துக் குறிப்புக் கொப்பியும் இன்னும் திரும்பி வரவில்லை. கொப்பியின் நீல மட்டை கழன்றிருக்கும், நூலால் கட்டியிருக்கிறேன். அவற்றைத் திருப்பித் தரும்போது அந்த வாசற்படிப் படத்தைப் பின்பக்கமும் ஸ்கான் செய்துகொண்டு தாருங்கள். பென்சில் மங்கிவிட்டது, வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால்தான் தெரியும். இடமிருந்து மூன்றாவது பெயர் உங்களுக்கு விளங்காவிட்டால் எனக்கு ஒரு போன் எடுங்கள். அவர் இன்னும் அளவெட்டியில் இருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய சகோதரி ஒருவர்,
வலிகாமம், யாழ்ப்பாணம்.